கறுப்புப் பிசின்

செத்துப்போனதாக எனக்கு அனுப்பப்படும் சென்சர்கள் எல்லாம் என் மேசைக்கு வந்ததும் உயிர் பெற்றுவிடும். பல்வலி என்று வீட்டில் அலறியவர் மருத்துவர் அறை வாசலில் "இப்ப பரவாயில்லை" என்பாரே, அந்த ரகம். மீட்டரை வைத்தால் பேட்டரியில் முழு வோல்டேஜ் இருக்கும். ரேடியோ பேசும், வெப்பநிலை சரியாக வரும். கொண்டுபோய் மருந்துக் கிடங்கின் உறைகுளிர் அறையில் மாட்டினால் சில நாளில் மறுபடி மௌனம்.

அந்தச் சென்சரின் சர்க்யூட் போர்டை வடிவமைத்ததும் அதில் ஓடும் புரோகிராமை எழுதியதும் நான். டப்பாவை வடிவமைத்தவர் என் கணவர். இருவருக்கும் ஒரே கம்பெனியில்தான் வேலை. அங்கே என்னைப் போர்டம்மா என்பார்கள், அவரை டப்பாக்காரர் என்பார்கள். ஒல்லியான அவருடைய புது டப்பாவைப் பார்த்து முதலாளி சொக்கிப்போய், அதைத் தன் மேசையிலேயே ஒன்று வைத்திருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் கிடங்கின் குளிர் இயந்திரம் நின்றுபோனது. அப்போது கத்தி ஊரைக் கூட்ட வேண்டியது எங்கள் சென்சர். வேண்டிய நேரத்தில் அது வாயே திறக்கவில்லை. ஓர் அறை மருந்து முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அம்மா என்னைத் திட்டவில்லை. "இந்த டப்பாவை நம்பித்தானேம்மா வீட்டுக்குப் போனேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

அதற்காகக் கூடிய கூட்டத்தில் முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் எழுந்தார்.

"புரோகிராம்ல எங்கயோ சின்னத் தப்பு இருக்கும் சார். மனுஷங்கதானே, தப்பு நடக்கத்தான் செய்யும். அவ சரி பண்ணிடுவா, நான் கேரண்டி."

முதலாளி இறங்கி வந்தார். திங்கட்கிழமை கூட்டத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் என் வடிவமைப்பைத் தூக்கிவிட்டு வெளியாளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். மாடிப்படியில் இறங்கும்போது கணவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நன்றியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதும்போது அந்த நன்றியை நினைத்துத்தான் அதிகமாக வயிறு எரிகிறது.

அதன்பிறகு என் புரோகிராமைச் சந்தேகப்பட்டதுபோல நான் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. தூங்க வேண்டிய நேரத்தில் முழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்கிறதா? தகவல் போய்ச் சேராமல் திரும்பத் திரும்ப அனுப்பித் தீர்க்கிறதா? எல்லாவற்றையும் அளந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. போர்டையே திறந்து பார்க்கலாமென்றால் முடியாது. பாகங்களைப் பொருத்தி முடிக்கும் அசெம்ப்ளியில், ஈரம் புகாமலிருக்க அதன்மேல் கறுப்புப் பிசின் ஊற்றிக் கல்லாக்கி அனுப்புகிறார்கள். அது கணவருடைய பிரிவின் வேலை.

"அதை மட்டும் நோண்டாதே. போர்டே பேந்து கையோட வந்துடும். என் பக்கம் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்றார்.

நானும் நோண்டவில்லை. கட்டினவர் சொல்கிறார் என்றல்ல, கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார் என்றுதான் நம்பினேன்.

சனிக்கிழமை நானே கிடங்குக்குப் போய், குளிர் அறையிலிருந்து ஒரு மௌனச் சென்சரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வண்டியை எடுக்கும்முன் என் போனில் மணி அடித்தது. அந்தச் சென்சர்தான் பேசியது. கைப்பைச் சூட்டில் விழித்துக்கொண்டு, தன் பாட்டுக்கு வெப்பநிலை சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால் குளிர்தான் காரணம். அன்று கிடங்கிலும் மருந்து கெடும் அளவுக்கு அறை சூடேறிய பிறகுதான் சென்சர் விழித்திருக்கும். ஆனால் குளிரை நான் ஆரம்பத்திலேயே சோதித்து முடித்திருந்தேன். என் கையால் செய்த முதல் போர்டு உறைகுளிரில் அசராமல் ஓடியது. குளிரில் பேட்டரி சோம்பிப்போகும், ரேடியோ கேட்கிற நொடியில் வேண்டிய கரண்டைத் தராது என்று தெரிந்துதான் பக்கத்தில் ஒரு பெரிய கபாசிட்டர் வைத்திருந்தேன். மோட்டார் மெதுவாக ஏற்றினாலும் மேல்தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் வேகமாகத் தண்ணீர் வருமே, அந்தத் தொட்டியின் வேலைதான் அதற்கு.

ஞாயிறு மதியம் சமையலறையில் கடை பரப்பினேன். கிடங்குச் சென்சரை ஃப்ரீசரில் வைத்து, கதவு ரப்பர் வழியாக ஒயரை வெளியே இழுத்து, வோல்டேஜைக் கோடாக வரைந்துகாட்டும் ஸ்கோப்பில் மாட்டினேன். மாமியார் தண்ணீர் எடுக்க வந்தார்.

"என்னம்மா, ஃப்ரிட்ஜுக்கு ஈசிஜி எடுக்கிறியா?"

"ஆமா அத்தை. பொழைக்குமான்னு பார்க்கிறேன்."

சென்சர் நன்றாகக் குளிர்ந்தபின், ரேடியோ பேச வாயெடுத்த நொடியில் திரையில் கோடு மடாரென்று விழுந்தது. போர்டு மயங்கி, மறுபடி எழுந்து, மறுபடி மயங்கியது. புதுப் பேட்டரி போட்டும் அதே கதைதான். என்னுடைய பழைய போர்டை எடுத்து, அதே புரோகிராமை ஏற்றி, அதே பேட்டரியோடு ஃப்ரீசரில் வைத்தேன். கோடு லேசாகத் தலையாட்டிவிட்டு நேராக நின்றது.

புரோகிராம் ஒன்று, பேட்டரி ஒன்று, குளிர் ஒன்று. மிச்சமிருந்தது பிசின்தான்.

சூட்டுக்காற்று அடித்துக் கத்தியால் சுரண்டினேன். போர்டு ஒன்றும் பேந்துவிடவில்லை. கபாசிட்டர் உடைந்திருக்கும், பற்றவைத்த ஈயம் விட்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கே கபாசிட்டரே இல்லை. அதன் கால் நுழையவேண்டிய இரண்டு துளைகளும் ஈயம் படாமல் புத்தம் புதிதாகப் பளபளத்தன. கெட்டுப்போனதற்கும் வைக்காமலே விட்டதற்கும் உள்ள வித்தியாசம் என் தொழிலில் எந்தக் குருடிக்கும் தெரியும்.

கணவர் என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"கபாசிட்டர் எங்கங்க?"

அவர் கை நீண்டு, சுரண்டிப் போட்ட பிசின் துண்டு ஒன்றை எடுத்தது. பிறகு, "மூடி மூடலை" என்றார். "அது உயரமா இருந்துச்சு. முதலாளிக்கு அந்த ஒல்லி டப்பாதான் வேணும்னு ஆயிடுச்சு. நீ சும்மா பாதுகாப்புக்குத்தானே வச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நீ ஒத்துக்கிட்டேன்னு அசெம்ப்ளியில சொன்னேன். சொல்லணும்னுதான் இருந்தேன்ம்மா."

"மருந்து கெட்டுப்போன அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்."

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், தான் செய்த தப்புக்காக என்னை மன்னித்திருக்கிறார். நான் ஒவ்வொரு வரியாகத் துழாவிக்கொண்டிருந்தபோது அருகில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. ஏமாந்தவளுக்கு முதலில் வருவது வெட்கம் என்று அன்றுதான் தெரிந்தது.

"நாளைக்கு நானே சொல்லிடறேன்" என்றார். "பக்குவமா சொல்லணும். நீ அவசரப்படாதே."

சரி என்றேன். அவர் சொல்வார் என்று அப்போதும் ஒரு மூலையில் நம்பினேன்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு ஸ்டோர் அம்மாவும் வந்திருந்தார். சுரண்டிய போர்டை மேசையில் வைத்து, கபாசிட்டர் இல்லாததைக் காட்டினேன். முதலாளி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை வைக்க வேண்டாம்னு யார் முடிவு பண்ணது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும் வீட்ல பேசித்தான் சார் முடிவெடுத்தோம்."

முதல் முறை செய்தது பயத்தில் என்று மனதைத் தேற்றியிருந்தேன். இது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தது.

"இல்ல சார்" என்றேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. நான் ஒத்துக்கிட்டதா அசெம்ப்ளியில இவர்தான் சொல்லியிருக்கார். நேத்து நானே சுரண்டிப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அசெம்ப்ளியில கேட்டுப் பாருங்க."

ஸ்டோர் அம்மாதான் கேட்டார்: "அப்ப அன்னைக்கு மருந்து போனது உன்னால இல்லையாம்மா?"

"இல்லம்மா."

சொன்ன பிறகுதான் குரல் உடைந்தது.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கினோம். முன்பு அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்த அதே திருப்பத்தில் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இப்படி எல்லார் முன்னாடியும் என்னை விட்டுக்குடுத்துட்டியே" என்றார். "உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை."

"நீங்க என்னை விட்டுக்குடுத்தப்போ முதுகைத் தட்டிக்குடுத்தீங்க" என்றேன். "எனக்கு அது வராதுங்க."

அவரை அங்கேயே விட்டுவிட்டு அசெம்ப்ளிக்கு நடந்தேன். அங்கே இருந்த எல்லா ஒல்லி மூடிகளையும் ஓரமாக எடுத்துவைக்கச் சொன்னேன்.