பிராக்கன் இறங்கவில்லை

1961 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மதியம் மூன்றேகால் மணிக்கு, வெதர்கூம் குதிரைக் கண்காட்சியில் நான்காவது தடையைத் தாண்டிய பிராக்கன் என்ற மட்டக்குதிரை கீழே இறங்கவில்லை. தடையின் உயரம் இரண்டரை அடி. குதிரை நின்ற இடம் புல்லிலிருந்து ஏழடி. தாண்டும்போது எப்படி இருந்ததோ, முன்கால்கள் மடங்கி, பின்கால்கள் நீண்டு, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, சீக்கிரம் முடியாத வேலை என்று தெரிந்துகொண்டதுபோல நான்கு கால்களையும் வசதியாகத் தொங்கவிட்டுக்கொண்டு காற்றிலேயே நின்றது. அதன் முதுகில் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தை நடத்தும் ஆக்னஸ் பாடன் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிக்கணும், ஒரு நிமிஷம். இதோ இறங்கிடும்," என்று அவர் கீழே பார்த்துச் சொன்னார். கண்காட்சிக் கமிட்டித் தலைவர் ஸ்லேடர் ஆடு வளர்ப்பவர், விதிப் புத்தகத்தைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பவர். அதை எடுத்துப் புரட்டினார். தடையைத் தட்டிவிட்டால் நான்கு புள்ளி போகும், தாண்ட மறுத்தால் மூன்று போகும். தாண்டிவிட்டு இறங்காமல் இருந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. "கடிகாரம் ஓடிட்டிருக்கு, மிஸ் பாடன்," என்றார் ஸ்லேடர். "அவசரம் இல்ல. சும்மா சொன்னேன்." மீதமிருந்த ஆறு குதிரைகளும், ஏறியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்ள, பிராக்கனுக்கு அடியில் புகுந்து தாண்டிப் போட்டியை முடித்தன. நாலரை மணிக்கு ஏணி வைத்து ஒரு கோப்பைத் தேநீரும், பாலேடும் ஜாமும் தடவிய இரண்டு ஸ்கோன் பன்களும் மேலே போயின. ஆக்னஸ் தேநீரை மட்டும் எடுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு அதே ஏணியில் இறங்கி, எல்லோரிடமும் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். குதிரை மேலேயே நின்றது. அது ஏன் இறங்கவில்லை என்பது அன்று மைதானத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சேணக்காரர் சைலஸ் கிராங். வேலிக் கயிற்றுக்கு வெளியே, ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் எங்கள் வெதர்கூமைப்போல மரியாதையான ஊர் வேறில்லை. யார் முகத்துக்கு நேராகவும் நாங்கள் கசப்பானதைச் சொல்வதில்லை. போதகர் ஒருமுறை தன் பிரசங்கத்தின் நடுவில் தானே தூங்கிவிட்டபோது, வெளியே வந்த எல்லோரும் அவர் கையைக் குலுக்கி, இன்றைக்கு மனதுக்கு அமைதியாக இருந்தது என்றார்கள். ஸ்லேடரின் வைக்கோல் கொட்டகை பற்றியெரிந்த அன்று பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து கதவைத் தட்டி, "தொந்தரவுக்கு மன்னிக்கணும், உங்க பக்கம் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு," என்றார். அதற்குமேல் சொல்வது நாகரிகமில்லை என்று திரும்பிப் போய்விட்டார். கொட்டகை போயிற்று, நட்பு நிலைத்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்மணியின் உடம்பைப் பற்றி அவரிடமே பேசுவது என்பது பிறந்ததிலிருந்து யாரும் கேள்விப்படாத காரியம்.

அந்த ஏப்ரலில் ஆக்னஸ் பிராக்கனை நடத்திக்கொண்டு சைலஸின் முற்றத்துக்கு வந்தார். அவருக்கு நாற்பத்துநான்கு வயது, ஐந்தடி பத்தங்குல உயரம், அதற்கேற்ற எலும்பு, அதற்குக் கொஞ்சம் கூடுதலான சதை. பிராக்கன் மேட்டுநிலத்தில் மந்தையோடு பிறந்த அசல் எக்ஸ்மூர்க் குதிரை. சைலஸின் நெஞ்சுயரம்தான் இருக்கும். முதுகு மேசைபோல அகலம், ரொட்டிபோலக் குட்டை. "என் சேணம் சுருங்கிப்போச்சு, மிஸ்டர் கிராங்," என்றார் ஆக்னஸ். "தோல்தானே, மிஸ் பாடன். ஈரத்துல சுருங்கும்," என்றார் சைலஸ். சேணத்தின் உள்ளே இருப்பது ஓக்கோ பீச்சோ, ஏதோ ஒரு மரச்சட்டம். அது எந்த ஈரத்திலும் சுருங்காது. முதல் பொய் அப்படிப் போனது.

பிறகு அவர் முறைப்படிதான் செய்தார். விலாவைக் கையால் தடவிக் கடைசி எலும்பைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து முதுகெலும்பு வரை வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். சேணத்தின் கனம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். அதற்குப் பின்னால் தாங்குவதற்கு விலா கிடையாது, வெறும் இடுப்புச் சதைதான். பழைய சேணம் பதினாறு அங்குலம், கோட்டுக்குள் அடங்கியது. ஆனால் தடை தாண்டுகிறவருக்கு முழங்கால் முன்னே போக வேண்டும். ஆக்னஸின் தொடை நீளத்துக்கு முழங்கால் முன்னே போனால் அவர் பின்னே போவார். அவருக்குப் பதினெட்டரை வேண்டும். சைலஸ் பதினெட்டரையை எடுத்து வைத்தார். அது கோட்டைத் தாண்டி மூன்று விரற்கடை பின்னால் போய் நின்றது. ஆக்னஸ் வேறு குதிரை வாங்க வேண்டும், அல்லது பிராக்கன்மேல் வேறு யாராவது ஏற வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆக்னஸ் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சைலஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். சைலஸ் தூசி தட்டுகிறவர்போலச் சட்டைக்கையால் அந்தச் சுண்ணக்கோட்டைத் துடைத்தார். "கச்சிதமா இருக்கு," என்றார். "அப்படியா," என்றார் ஆக்னஸ்.

கண்காட்சியில் முதல் மூன்று தடைகளையும் சைலஸ் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு முறை குளம்பு தரையைத் தொட்டபோதும் சேணத்தின் பின்மேடு அந்த மூன்று விரற்கடை இடத்தில் போய் இறங்கியது, அதன்மேல் ஆக்னஸ் இறங்கினார். குதிரையின் காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. தாண்டுவதில் அதற்கு வலியில்லை, இறங்குவதில்தான் வலி. ஆகவே நான்காவது தடையில் அது தாண்டுவதை மட்டும் செய்தது.

சேணத்தைக் கழற்றிவிடலாம் என்று மறுநாளே நான்கு பேர் ஏணியோடு போனார்கள். வயிற்று வாரில் கை பட்டதும் பிராக்கன் ஓரடி உயர்ந்தது. மறுபடி தொட்டால் மறுபடி ஓரடி. பதினோரு அடியில் விட்டுவிட்டார்கள். டவுனிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஏணியின் உச்சியில் நின்று இதயத்துடிப்பைக் கேட்டு, ஆரோக்கியமான குதிரை என்றார். "சேணம் யார் பொருத்தினது?" என்று அவர் கேட்டபோது, "எங்க ஊர்க்காரர்தான், தங்கமான மனுஷன்," என்று ஸ்லேடர் பதில் சொன்னதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. காற்றில் மிதந்து போய்விடாதிருக்கக் கடிவாளத்தில் நீண்ட கயிறு கட்டி ஒரு பீச் மரத்தில் முடிந்தார்கள். கம்பின் நுனியில் வைக்கோல் வலை, வாளியில் தண்ணீர், எல்லாம் வேளைக்கு மேலே போயின. மழை பெய்தால் குதிரையின் வடிவத்தில் ஒரு துண்டுப் புல் நனையாமல் இருந்தது. செப்டம்பருக்குள் ஊர் பழகிவிட்டது.

பழகாதவர்கள் இரண்டு பேர். ஆக்னஸ் ஸ்கோனை விட்டார், பிறகு ரொட்டியை விட்டார், பிறகு ஞாயிற்றுக்கிழமை இறைச்சியை விட்டார். அக்டோபரில் அவர் வேகவைத்த முட்டைக்கோஸும் தேநீரும் மட்டும் சாப்பிட்டு வந்ததும், தினமும் காலையில் பொட்டலம் நிறுக்கும் தராசின்மேல் தன் காலை வைத்துப் பார்த்ததும் ஊருக்கே தெரியும். பாவாடையை ஊசிகுத்தி இறுக்கியிருந்தார். "இளைச்ச மாதிரி தெரியுதே, மிஸ் பாடன்," என்று கூட யாரும் கேட்கவில்லை, முன்பு பருமனாக இருந்தார் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறதே. வானிலையைப் பற்றிப் பேசினார்கள். சைலஸுக்கு வேறு விதமான தண்டனை கிடைத்தது. எல்லோரும் அவருடைய சேணத்தைப் புகழ்ந்தார்கள். "ஒன்பது வாரமா மழையில கெடக்கு, ஒரு தையல் விடல பாருங்க," என்று கொல்லர் சொன்னார். "என்ன வேலைப்பாடு, மிஸ்டர் கிராங். அசையவே இல்லையே," என்று போதகர் சொன்னார். சைலஸ் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். தபால் நிலையத்துக்குப் போய் ஒரு தபால்தலை வாங்குவார், மெலிந்த அந்தக் கையைப் பார்ப்பார், சொல்ல வாயைத் திறப்பார், இன்னொரு தபால்தலை கேட்பார். கடிதம் எழுத ஆளில்லாத அவர் வீட்டில் மேசை இழுப்பறை முழுக்கத் தபால்தலை சேர்ந்தது.

நவம்பரில் பெருங்காற்று வந்து கயிறு அறுந்தது. பிராக்கன் இரண்டு வயல் தூரம் கடலைப் பார்த்து மிதந்து போய், அறுந்த கயிறு தேவாலயக் கொடிக்கம்பத்தில் மாட்டிக்கொண்டதால் கிடைத்தது. முன்னைவிட உயரத்தில் நின்ற அதை இழுத்து வந்து பழைய மரத்திலேயே கட்டினார்கள். மறு காற்றில் கடலுக்கே போய்விடும், கருணையான வழி ஒன்றுதான் என்று கமிட்டி முடிவு செய்தது. வேட்டைக் குழுவில் நோயுற்ற குதிரைகளைச் சுடும் ஆளுக்கு வியாழக்கிழமை வரும்படி சொல்லியனுப்பினார்கள். அதை ஆக்னஸிடம் முறைப்படி தெரிவிப்பதற்காகத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடினோம். தேநீர் ஊற்றப்பட்டது. ஸ்லேடர் "மிஸ் பாடன், ஒரு சின்ன விஷயம்," என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தார். ஆக்னஸ், "தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிக்கணும்," என்றார். அப்போது கடைசி வரிசையிலிருந்து சைலஸ் எழுந்து நின்றார்.

"சேணம் நீளம்," என்றார்.

"அருமையான சேணம்," என்றார் கொல்லர் உடனே.

"மூன்று விரற்கடை நீளம். ஏப்ரல்லயே எனக்குத் தெரியும். கோடு போட்டேன், தாண்டிப் போச்சு, கோட்டை அழிச்சேன்."

"அப்படியெல்லாம் சொல்லிக்காதீங்க, மிஸ்டர் கிராங்," என்றார் போதகர். "களைச்சிருக்கீங்க." ஒருவர் அவருக்குத் தேநீரைத் தள்ளினார். இன்னொருவர் ஜன்னல் வழியே பார்த்து, மேகம் விலகுகிறது என்றார். எங்கள் ஊரில் ஒரு மனிதன் குற்றத்தை ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது, யாரும் அதை வாங்கிக்கொள்ள மாட்டோம். சைலஸின் கழுத்திலிருந்து சிவப்பு காதுவரை ஏறியது. அவர் எங்களை விட்டுவிட்டு ஆக்னஸ் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குதிரைக்கு நீங்க பெரியவங்க, மிஸ் பாடன். முட்டைக்கோஸ் தின்னு ஆகறதில்ல. உங்க எலும்பே பெரிசு, அதோட முதுகு குட்டை. அது யார் தப்பும் இல்ல. சொல்லாததுதான் தப்பு, அது என்னோடது."

ஸ்லேடர் விதிப் புத்தகத்தைத் திறந்து எதையும் படிக்காமல் மூடினார். ஆக்னஸ் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"என் வீட்டுல கண்ணாடி இருக்கு, சைலஸ்," என்றார். அவரைப் பேர் சொல்லி அழைத்து முப்பது வருடம் ஆகியிருந்தது, பள்ளிக்கூடத்தோடு விட்டது. "சேணம் சுருங்காதுன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்து டவுன்ல சேணக்கடை வச்சிருக்கறவன் என்ன கேட்டாலும் சரிம்பான். நீ குதிரைய மட்டும் பார்க்கறவன், நீ சொல்லிடுவேன்னுதான் உங்கிட்ட வந்தேன். நீ சொன்னா இதுமேல ஏறறத விட்டுடலாம்னு வந்தேன். உன் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னேன்."

சைலஸ் தொப்பியைத் தேடினார், அது தலையிலேயே இருந்தது. ஆக்னஸ், "ஏணி கொட்டகையில இருக்கு," என்றார்.

இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. சைலஸ் ஏறியபோது பிராக்கன் வழக்கம்போல ஓரடி உயர்ந்தது, அவரும் இரண்டு படி ஏறினார். அவர் வயிற்று வாரைத் தொடவில்லை. சேணம் முடியும் இடத்துக்குப் பின்னால், கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். உதடுகள் அசைவது கீழிருந்தே தெரிந்தது. என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. குதிரை பெருமூச்சு விட்டது, பக்கத்து வயலில் ஆடுகள் தலை தூக்கின. அவர் வாரை ஒவ்வொரு துளையாகத் தளர்த்திச் சேணத்தைத் தூக்கினார். கீழே உள்ளங்கை அளவில் இரண்டு இடங்களில் பழுப்பு மயிர் வெளுத்துப் பால்போல இருந்தது. புண் ஆறிய இடத்தில் முளைக்கும் வெள்ளை மயிர், குதிரை சாகும்வரை நிறம் மாறாது. ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிராக்கன் அடைகாக்க உட்காரும் கோழிபோல மெதுவாக, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு இறங்கி, புல்லைத் தொட்டதும் மேய ஆரம்பித்தது. சைலஸ் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நடந்து போனார். அன்று யாரும் அதைப் புகழவில்லை.

ஆக்னஸ் மறுநாள் இரண்டு முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டார். அதன்பின் பிராக்கன்மேல் ஏறவில்லை, கூட நடந்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு பெரிய பழுப்புக் குதிரை வாங்கினார். சேணம் பொருத்த சைலஸிடமே கொண்டுபோய், "இந்தத் தடவை வாயைத் திற," என்றார். "முதுகு இன்னும் திரளல. வசந்தம்வரைக்கும் ஏறாதீங்க. கையும் கனம் உங்களுக்கு, கடிவாளத்தால அதோட வாயை இழுக்கறீங்க," என்றார் சைலஸ். ஆக்னஸ் முறைத்துவிட்டு வசந்தம்வரை காத்திருந்தார். ஊரிலும் சில மாற்றங்கள் வந்தன. கேக் வேகாமல் இருந்தால் வேகவில்லை என்று தபால் நிலையத்தில் வைத்தே சொல்லப்பட்டது. இந்த வெளிப்படைப் பேச்சால் இரண்டு கல்யாணங்கள் நின்றன, ஒன்று நடந்தது.

பிராக்கன் இன்னும் பதினொரு வருடம் ஆக்னஸின் வேலிக்குள் இருந்தது. மற்றவர்கள் யார் போனாலும் சாதாரணக் குதிரைதான். சைலஸ் கிராங் வேலியோரம் நடந்தால் மட்டும் நான்கு அங்குலம் உயரும். ஸ்லேடர் அளவுகோல் வைத்துப் பார்த்துக் கமிட்டிக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார், மழையிலும் வெயிலிலும் அதே நான்கு. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டால் சைலஸே நின்று, "என்னால வந்தது," என்று காரணத்தைச் சொல்லுவார், முதலிலிருந்து கடைசிவரை, சட்டைக்கையால் துடைத்ததையும் விடாமல். அவர் பட்டறைக்குப் போக வேறு பாதை உண்டு, அதுதான் குறுக்குவழி. ஆனாலும் தினமும் காலை ஒன்பது மணிக்கு வேலியோரமாகத்தான் போவார். குதிரை மேய்ந்துகொண்டே உயரும். அவர் தொப்பியைக் கழற்றுவார். அவர் வளைவைத் தாண்டியதும் அது மறுபடி புல்லில் கால் வைக்கும்.