நாலு மூலை மஞ்சள்

ரத்தினம் குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் நடந்துவிட்டது. மேசைமேல் பரத்தி வைத்திருந்த அமெரிக்க விண்ணப்பத்தின் நாலு மூலையிலும் மஞ்சள்! பட்டும் படாமலும் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல கட்டைவிரலால் அழுத்தி, தாராளமாக.

"யாரு பாத்த வேல இது?"

"நாந்தேன்," என்றாள் அம்மா சீனியம்மாள், அடுப்படியிலிருந்தே. "நல்ல காரியத்துக்குப் போற தாளு மொட்டையாவா போகும்? அதுக்கு எதுக்குட்டி இந்தக் கூப்பாடு?"

"அய்யோ, அது வெள்ளக்காரன் பாக்குற அப்ளிகேசன் பாரம்மா! அழுக்குன்னு தூக்கி எறிஞ்சிருவான்."

"மஞ்சள அழுக்குங்கிறவங்கிட்ட நீ என்னத்தப் படிக்கப் போற?"

ரத்தினத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னே என்ன? எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டு இந்த ஒரே ஒரு பாரத்தை வரவழைத்திருந்தாள். இன்று பொங்கல் கழிந்த சனிக்கிழமை. இன்றே தபாலில் சேர்க்காவிட்டால் கடைசித் தேதிக்குள் போய்ச் சேராது. வேறு பாரம் வரவழைக்க நேரமும் கிடையாது. இந்த வருஷம் அவ்வளவுதான்.

அப்பாவோ, "ஒங்கம்மா சரின்னா எனக்கும் சரி," என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். அம்மா சரியும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. "பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஊரு" என்று ஒருதரம் சொன்னவள்தான், ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது ஞாபகம் வந்ததும் ரத்தினத்தின் கோபம் பாதியில் நின்றது. பேசாத அம்மா மஞ்சள் வைத்திருக்கிறாளே!

"அப்போ... போகச் சொல்றியாம்மா?"

"நான் எங்க போகச் சொன்னேன்? போறதுதேன் போற, மங்களமாப் போன்னேன்."

இவர்கள் பேசிக்கொண்டிருந்த செத்த நேரத்தில் தம்பி பொன்னுராஜ் உதவிக்கு வந்துவிட்டான். உதவி என்றால், ஈரத்துணியில் துணி சோப்பைக் குழைத்து ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துவிட்டான்.

"ஏலே, சோப்பு போடாத!"

சொல்லி வாய் மூடவில்லை. மஞ்சள் சிவந்துவிட்டது. சும்மா சிவப்பா? ரத்தச் சிவப்பு.

சீனியம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியாட்டி! நான் மஞ்சதேன் வச்சேன். குங்குமத்த அவளே வச்சுக்கிட்டா!"

"எவ?"

"மாரியாத்தா! வேற எவ?"

"அம்மா, அது சோப்புல இருக்குற காரம்! மஞ்சள்ல பட்டா செவக்கும்."

"செவக்க வச்சது யாரு?"

ரத்தினத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே அவள் கண் கடைசிப் பக்கத்துக்குப் போனது. 'எதை ஆராய விரும்புகிறீர்கள், ஏன்?' என்ற கேள்விக்குக் கீழே அரைப்பக்கம் காலி. பத்து நாளாக நல்ல இங்கிலீஷில் நாலு வரி தேடித் தேடி எதுவுமே அமையவில்லை.

பேனாவை எடுத்தாள். மஞ்சள் வைத்தது என் அம்மா, சோப்பு போட்டது என் தம்பி என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிற்கவில்லை. வெளுத்த துணியில் காரம் தங்கினால் புண்ணில் எரியும். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆலையில் என் வேலை. கருவி எதுவும் இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரி நர்சுக்கும், துணியே இந்த மஞ்சளைப்போல நிறம் மாறி, காரம் இருக்கிறதென்று சொல்லிவிட வேண்டும். அதைச் செய்ய எனக்கு ஆசை. அரைப்பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

"மத்த மூணையும் நான் அழிக்கட்டுமா?" என்றான் பொன்னுராஜ்.

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!"

எழுதி முடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ராஜபாளையத்தில் சனிக்கிழமை அந்நேரம் ரிஜிஸ்தர் தபால் எடுக்க மாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய தபாலாபீஸுக்கு ஓடினால்தான் உண்டு. பஸ்ஸில் அம்மாவும் ஏறிக்கொண்டாள். மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு வருவதற்குள் முன் சீட்டு, பின் சீட்டு, கண்டக்டர் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"எம்மக அமெரிக்காவுக்குப் போறா."

"அம்மா, இப்பத்தேன் பாரமே போகுது!"

"பாரம் போனா பொறத்தால நீ போகாம இருப்பியா?"

கண்டக்டர் தபாலாபீஸுக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லி விசில் அடித்தார். கவுன்டரில் ரசீது கைக்கு வந்த பிறகுதான் ரத்தினம் மூச்சுவிட்டாள்.

மே மாதம் பதில் வந்தது. இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. பொன்னுராஜ் தெருவுக்கும் வீட்டுக்கும் குதித்தான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். சீனியம்மாள் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கெடச்சிருச்சும்மா!"

"இதுக்கு எதுக்குட்டி இந்தக் குதி? நான் பொங்கலுக்கே கொடைக்கானல் போறவுகட்ட சொல்லி ஒனக்குக் கம்பளிச் சட்ட வாங்கி வச்சுட்டேன்."