ஆயுத பூஜை ஷீட்

எங்கள் தெருவில் காசு கொடுத்துக் கூரை போட்டவன் ஒருவனும் கிடையாது. எல்லாம் கம்பெனி ஷீட். விம்கோ நகர் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் நாற்பது குடும்பம், ஆம்பளைகள் அத்தனை பேரும் ஒரே கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள். பேர் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜை அன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்ததும், ஆளுக்கு ஒரு பை பொரிகடலை, அதோடு நாலு ரிஜெக்ட் ஷீட். முனை உடைந்தது, வளைந்தது, விற்க முடியாதது. மேனேஜர் ஒரு ஷீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார். நாங்கள் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றி, மேலே பொரிப் பையை வைத்து, சீர்வரிசை கொண்டுபோகிற மாதிரி தள்ளிக்கொண்டு வருவோம். எனக்கு முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். முப்பத்தோரு ஆயுத பூஜை. கூரையாச்சு, நடுவில் மறைப்பாச்சு, குளிக்கிற இடத்துக்குத் தடுப்பாச்சு. தரைகூட மிஷின் குழியில் தேங்குகிற சேற்றை அள்ளிவந்து கொட்டினதுதான். காய்ந்தால் கருங்கல் தோற்றுப்போகும்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அந்த வீட்டை விற்க முடிவு செய்தேன். என் சம்சாரம் கெங்கம்மாவுக்கு நாலு வருஷமாக மூச்சு இரைப்பு. டீபி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ரவுண்டு முடிந்ததும் இன்னொரு ரவுண்டு. சளியில் கிருமி இல்லை என்று சொன்னதும் அவர்கள்தான், மாத்திரை கொடுத்ததும் அவர்கள்தான். கடைசியில் ஒரு டாக்டர், இந்த எண்ணூர்ப் புகை இவளுக்கு ஆகாது, வெளியூர் கூட்டிப் போ என்றார். எங்கள் மகள் மதியை வாலாஜாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. இதை விற்று அங்கே ஒரு ரூம் கட்டினால் கெங்கம்மா இன்னும் கொஞ்ச காலம் மூச்சு விடுவாள். என்னிடம் விற்க வேறு எதுவும் இல்லை.

முதலில் வந்தவர் ராயபுரத்தில் மிளகாய், புளி மொத்த வியாபாரம் செய்கிற அருள்பிரகாசம். நாகர்கோவில் பக்கத்து மனுஷர். எல்லாருக்கும் அண்ணாச்சி. சுனாமிக்கு அப்புறம் கடலோரமெல்லாம் வெளிநாட்டுப் பணம் வந்து இறங்கியது அல்லவா, அதில் கொஞ்சம் அவருடைய சர்ச் டிரஸ்டுக்கும் வந்திருந்தது. வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் வைக்க வேண்டும், இந்த வீட்டையே இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்றார். விலையும் நியாயமாகத்தான் சொன்னார். ஒன்றே ஒன்றுதான், பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரன் ஒரு ஆளை அனுப்பி வீட்டைச் சோதித்துப் பார்ப்பானாம். பழைய வீட்டை வாங்குவதற்கு முன்னால் கல்நார் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் ஊர்ச் சட்டமாம்.

எனக்கு அப்போதே சந்தேகம். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது விலையைக் குறைக்கத்தான். இத்தனைக்கும் கூரையைக் கீழே நின்று பார்த்தாலே தெரிகிறது, இதில் சோதிக்க என்ன இருக்கிறது. வீடு மட்டம் என்று எழுதிக் கொடுக்கத்தான் ஆள் வருகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வந்தவன் ஷிபின் என்று ஒரு பையன். அவனும் அண்ணாச்சி ஊர்ப் பக்கம்தான். மரியாதையாக ஐயா என்றான். கெங்கம்மாவுக்கு அன்றைக்கு முடியவில்லை, மறைப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். அவன் மூக்கில் பன்றி மூஞ்சி மாதிரி ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டான். ஏணி போட்டு ஏறி, ஷீட்டில் சோப்புத் தண்ணீரை அடித்து, ஈரமானதும் நகத்தளவு கிள்ளி, சின்ன கவரில் போட்டு, கவரில் நம்பர் எழுதி, கிள்ளின இடத்தில் டேப் ஒட்டினான். நாங்கள் அந்த ஷீட்டை வெறும் ரம்பத்தால் அறுத்தவர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. மட்டமான சரக்கு என்று எழுதிவிடுவானோ என்ற பயம்.

அதனால் நானே ஆரம்பித்தேன். கம்பெனியில் பஞ்சு என்று ஒன்று மூட்டையில் வரும். சிமெண்டில் கலக்கிற கல்நாருக்கு நாங்கள் வைத்த பேர். வெள்ளைப் பஞ்சு சாதாரணம். கப்பலில் வரும் நீலப் பஞ்சு உசத்தி, அமிலம் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது, பைப் போடத்தான் எடுப்பார்கள். நான் மூட்டை பிரித்துக் கொட்டுகிற செக்‌ஷனில் இருந்ததால், வீட்டுக்கு மறைப்பு செய்தபோது பைப் செக்‌ஷன் தோஸ்துகளைப் பிடித்து, நீலம் கலந்த பலகையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். தெருவில் வேறு எவனுக்கும் அது கிடையாது. அதை இத்தனை வருஷமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எய்திக்கோ தம்பி," என்றேன். "இது சாதா சரக்கு இல்ல. நீலப் பஞ்சு. என் கையால கொட்டனது. தரையும் அதான். நூறு வருசம் ஆனாலும் அசையாது."

அவன் எழுதவில்லை. கவசத்தைக் கழற்றாமலே மறைப்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், நான் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தான். அப்புறம் என்னை வாசலுக்குக் கூப்பிட்டான். உள்ளே படுத்திருக்கிற அம்மாவும் கம்பெனியில் வேலை செய்தார்களா என்று கேட்டான். இல்லை, வீட்டோடுதான் என்றேன்.

"உங்க வேலைச் சட்டையை யாரு தொவைப்பா?"

இது என்ன கேள்வி. கம்பெனியில் குளிக்கக் குழாய் கிடையாது. தலை, புருவம், சட்டை எல்லாம் மாவு மில்காரன் மாதிரி வந்து நிற்பேன். கெங்கம்மா சட்டையை வாங்கி வாசலில் நாலு உதறு உதறித்தான் தண்ணீரில் போடுவாள். முப்பத்தோரு வருஷம். அதைச் சொன்னேன்.

அவன் கவரைப் பைக்குள் வைத்தான். பிறகு, தான் டாக்டர் இல்லை என்று சொல்லிக்கொண்டே சொன்னான். இது டீபியாக இல்லாமலும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத முள் மாதிரி அந்தப் பஞ்சு நெஞ்சுக்குள் போய்க் குத்திக்கொண்டு நிற்கும், இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதிலும் நீலம் ரொம்ப மோசம். ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லி எக்ஸ்ரே பார்க்கச் சொல்லுங்கள் என்றான். நான் அவனை வைதேன். விலையைக் குறைக்க ஒரு பொம்பளையின் நோயை இழுக்கிறாயா என்று கேட்டேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆனாலும் ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்த டாக்டரம்மா எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதை நாலு வருஷம் முன்னால் ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். எவன் கேட்டான் என்னை. கம்பெனி டாக்டர் முப்பத்தோரு வருஷம் என் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, பீடியைக் குறை என்றான். கெங்கம்மா பீடி பிடித்தவள் இல்லை.

டாக்டரம்மா சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. என் சட்டைதான் உன்னைத் தின்றது என்று எப்படிச் சொல்வது.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றார். இங்கிலீஷில் பதினாலு பக்கம் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்.

"வெளிநாட்டுக்காரன் ஒத்துக்க மாட்டேங்கான் ஐயா. இங்க பிள்ளைகள வைக்கக் கூடாதுங்கான். நம்ம துட்டா இருந்தா நான் பாக்க மாட்டேன்," என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு கெங்கம்மா உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். படுத்தால் மூச்சு அடைத்தது. மதி இரண்டு தடவை ஆள் விட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். மழைக்கு முன்னால் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐப்பசி பிறக்கிற சமயத்தில் தரகர் ஒரு ஜோடியைக் கூட்டிவந்தார். செங்குட்டுவன், பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. அவன் பெண்சாதி செங்கொடி, வயிற்றில் அஞ்சு மாசம். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் ஒரே ரூமில் ஒன்பது பேரோடு இருந்தார்கள். நாலு மாதமாக வீடு தேடி அலைகிறார்கள். புளியந்தோப்பு என்று சொன்னதும் இரண்டு பேர் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நான் ஊர், சாதி எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே அந்தப் பையனுக்கு என்னைப் பிடித்துவிட்டது. நைனா, நைனா என்று பேசினான். சுவரைத் தட்டிப் பார்த்தான், தரையைக் காலால் அழுத்திப் பார்த்தான். இந்த மாதிரி கெட்டி இப்போதெல்லாம் கிடைக்காது என்றான். அண்ணாச்சி சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டான். அவனுக்குச் சோதனையும் தெரியாது, ரிப்போர்ட்டும் தெரியாது.

நான் சொல்லவில்லை. யோசிக்காமல் சொல்லாமல் விட்டேன் என்று கதை விடப் போவதில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லாமல் விட்டேன். எனக்கு என் பெண்சாதி மூச்சு விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அட்வான்ஸ் கொடுக்க வந்தார்கள். செங்கொடி தட்டில் வெற்றிலை, பழம், பூ எல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கெங்கம்மா பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். தொட்டிலை எங்கே கட்டலாம் ஆயா என்று கேட்டாள். கெங்கம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"இந்த வூடு வாணாம் கண்ணு. இவரு சட்டைய நாந்தான் ஒதறுவேன். அந்தப் பஞ்சு என் நெஞ்சுல பூந்துகினு கீது. இந்தச் செவுரு, கூர, நீ குந்திகினு கீற தரை, எல்லாமே அதான். புள்ளைய இங்க போடாத."

செங்கொடி சட்டென்று எழுந்துவிட்டாள். செங்குட்டுவன் என்னைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"உனுக்குத் தெரியுமா நைனா?" என்றான்.

பெண்சாதியை முன்னால் நடக்கவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தரகர் வாசலில் நின்று என் குடும்பத்தையே திட்டிவிட்டுப் போனார்.

நான் அவளைக் கேட்டேன். தெரிந்துகொண்டு ஏன்டி இத்தனை நாள் சும்மா இருந்தாய் என்று.

"நீ சொன்னியா?" என்றாள். "மறைப்புக்கு இந்தப் பக்கம்தான கெடந்தேன். சோதிச்சிப் பாக்க வந்த புள்ள வாசல்ல பேசுனது எல்லாம் காதுல வுயுந்துச்சி."

அவள் வாலாஜா போகிற வழியை அவள் வாயே அடைத்துவிட்டது என்று நான் கோபத்தில் சொன்னேன். அப்படியே ஆகட்டும் என்றாள். அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. தெருவில் செய்தி பரவி, அதன் பிறகு எந்தத் தரகனும் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. தெருக்காரர்கள் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். எல்லார் தலைக்கு மேலேயும் அதே ஷீட், எல்லாருக்கும் என்றைக்காவது விற்க வேண்டியிருக்கும். நாங்கள் வாலாஜா போகவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் ரேஷன் கடைக்கு எங்கள் பின் தெரு வழியாகப் போனேன். செங்கொடி குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். வயிறு நன்றாகப் பெருத்திருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்புவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். மூன்றாவது வீட்டைக் காட்டினாள். ஆயா சொன்னதால் பிழைத்தோம், இது வேறு ஷீட் என்று விற்றவர் குழந்தை மேல் சத்தியம் செய்தார் என்றாள். எங்கள் விலையைவிடக் கூடக் கொடுத்து வாங்கியிருந்தார்கள்.

விற்றவன் என்னோடு மூட்டை பிரித்தவன். அந்தக் கூரையில் பாதியை ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டியில் வைத்து அவனோடு தள்ளியவன் நான். மேலே பார்த்தேன். ஆணி ஓட்டையைச் சுற்றி ஷீட் விரிந்து, பஞ்சு நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பணம் முழுதும் கைமாறியாகிவிட்டது. மாதக் கடைசியில் அவளுக்குச் சீமந்தம். ஆயாவைக் கூட்டிக்கொண்டு வா நைனா என்றாள். சரி என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கெங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் புள்ளத்தாச்சிப் பெண்ணை எங்கேயாவது பார்த்தாயா, வீடு கிடைத்ததா என்று கேட்டாள். ஒரு மாதமாகத் தினமும் கேட்கிற கேள்விதான்.

"பெரம்பூர்ல கெடச்சிட்ச்சாம்," என்றேன். "தளம் போட்ட வூடு. ஷீட்டே கெடியாது."

அவள் இரண்டு கையையும் தூக்கி அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். தை பிறக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். சீமந்தத்துக்கு நான் போகவில்லை.