இந்த ஞாயிறு ஒரு ரொட்டிதான்

விடியற்காலையில் கடை அடுப்பிலிருந்து ரொட்டிகளை இறக்கி முடித்தவள், சர்ச்சின் திருவிருந்துக்கென்று தனியாகப் பிசையும் மாவை மட்டும் இன்று தொடவில்லை. மறந்துவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு வாரம் முழுக்க மண்டையைக் குடைந்து எடுத்த முடிவு அது.

சபையில் சண்டை வந்ததே உட்காரும் விஷயத்தில்தான். அவள் கணவர் தச்சர். கோயிலின் நீள பெஞ்சுகள் எல்லாம் அவர் கையால் இழைத்தவை. முதுகு வலிக்கிறது, நாற்காலி போடலாம் என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் அவளுடைய தங்கை புருஷனும் ஒருவர். பேச்சு முற்றி, இடது பக்கம் பெஞ்சு, வலது பக்கம் நாற்காலி என்றாகிவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் திருவிருந்து மேசைக்கு இவள் சுட்ட ரொட்டிதான் போய்க்கொண்டிருந்தது. நாற்காலிக்காரர்களுக்கு அது திடீரென்று தொண்டையில் இறங்காமல் போனதால், தையல் மெஷினைத் தவிர எதையும் உருப்படியாக ஓட்டத் தெரியாத தங்கை அவர்களுக்காக ரொட்டி சுட ஆரம்பித்தாள். இரண்டு தட்டு, இரண்டு வரிசை. கர்த்தருக்கே அலுத்துப்போயிருக்கும்.

இன்று ஆராதனை முடிந்ததும் சபையைப் பிரிக்கலாமா என்று கை தூக்கச் சொல்லப்போகிறார்கள். பிரிந்துவிட்டால், எட்டு மாதமாக முகம் கொடுக்காத தங்கையை ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்க முடியாது.

ஆராதனைக்கு முன்னால் போதகர் மேசையைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"உங்க ரொட்டி எங்கம்மா?"

"கொண்டு வரல பாஸ்டர். அதான் ஒண்ணு இருக்குல்ல."

"அது அந்தப் பக்கத்துக்காரங்க ரொட்டியாச்சே."

"நீங்களுமா பாஸ்டர்?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேசைக்குத் திரும்பினார்.

திருவிருந்து நேரம் வந்தது. நாற்காலிக்காரர்கள் வரிசையில் போனார்கள். பெஞ்சுக்காரர்கள் தங்கள் தட்டைத் தேடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். அவள் எழுந்தாள். தச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க போற?"

"பசிக்குதுங்க."

"மானத்த வாங்காத. உக்காரு."

"எட்டு மாசமா உக்காந்துட்டுதாங்க இருக்கேன்."

கையை விடுவித்துக்கொண்டு நடுப்பாதையைத் தாண்டினாள். நாலே எட்டுதான். வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். போதகர் பக்கத்தில் தங்கைதான் தட்டோடு நின்றாள். அக்காவைக் கண்டதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"அடி கருகிடுச்சுக்கா" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

"தெரியுது. குடு."

கருகல் நாக்கில் பட்டது. இவ்வளவு மோசமான ரொட்டியை அவள் தின்றதே இல்லை. இன்னொரு துண்டு கேட்கலாம் போலிருந்தது.

திரும்பியபோது பெஞ்சு கிறீச்சிட்டது. மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் அவர் மனைவி. அப்புறம் ஒரு பெஞ்சே எழுந்தது. ஒரு பக்கத்துக்கென்று சுட்ட ரொட்டி எப்படிக் காணும்? போதகர் துண்டுகளைப் பாதியாக்கினார், அதையும் பாதியாக்கினார். கடைசியில் வந்தவர்களுக்கு நகக்கண் அளவுதான் கிடைத்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

பெஞ்சில் தச்சர் மட்டும் மிச்சம். தரையைப் பார்த்தபடி இருந்தார். தட்டிலும் ஒரே ஒரு துணுக்குதான் மிச்சம். போதகர் துணியை எடுத்து மூடப் போனார். தங்கை தட்டைக் கொடுக்கவில்லை. அதை ஏந்திக்கொண்டு படியிறங்கி, நடுப்பாதையைத் தாண்டி, தச்சர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா."

அவர் நிமிரவில்லை. தங்கை தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினாள். தச்சர் வலது உள்ளங்கையைச் சட்டையில் மெல்லத் துடைத்துவிட்டு நீட்டினார்.