சால்வையில் ஒரு கூடு

சால்வையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்ததும் கொழுந்தியாள் கையை உதறினாள்.

"ஐயே மாமா, அரிச்சுத் தள்ளியிருக்கு! இதைப் போய் அக்காவுக்குப் போர்த்தறதா?"

முன்னறையில் அவன் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி. இந்த நீலச் சால்வையைத்தான் போர்த்த வேண்டும் என்று கேட்டிருந்தாள். கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் சல்லடை. கம்பளி வெளுக்கிற சலவைக்கடைக்காரன் வீட்டில்.

"வேற எடுக்கறேன்."

மடிக்கும்போது விளிம்பில் ஏதோ நகர்ந்தது. அரிசி நீளத்தில் ஒரு கூடு. உள்ளே துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு. நசுக்கக் கட்டைவிரல் தானாக எழுந்தது. தொழில் பழக்கம்.

கூடு நிறம் நிறமாக இருந்தது. மேசையிலிருந்த அவளுடைய பூதக்கண்ணாடியை எடுத்தான்.

நடுவில் சிவப்பு வளையம், அவனுடைய மஃப்ளர். அதன் இருபுறமும் பச்சை. அப்புறம் சாம்பல்: இரண்டு மாதமாக அவள் எழாமல் படுத்திருந்த போர்வை. இரு நுனியிலும் நீலம். தின்ற கம்பளியிலேயே வீட்டை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நூல் நூலாகப் பிய்த்து அவள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

குச்சிகளால் கூடு கட்டிச் சுமக்கும் அந்துப்பூச்சியைத் தேடி ஏழு வருஷம் காடு காடாக அலைந்தவள். போன மாதம் படுக்கையில் கிடந்தபடி சொன்னாள்: "காட்டுப் பூச்சில பொண்ணுக்கு இறக்கையே கிடையாது. கூட்டுக்குள்ளயே முட்டை போட்டு அங்கயே முடிஞ்சிடுவா. உன் கடையைத் திங்கறவ கூட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் பறந்துடுவா. காட்டுக்காரி வீட்டோட, வீட்டுக்காரி வெளிய. வேடிக்கையா இல்ல?"

"எனக்கு ரெண்டுக்கும் ஒரே அந்துருண்டைதான்."

"போடா சலவைக்காரா."

"என்ன மாமா அது?" கொழுந்தியாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

கண்ணாடியை நீட்டினான். வாங்கிக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இந்தப் பச்சை... காட்டுக்குப் போட்டுட்டுப் போவாளே, அந்த கிளவுஸ் இல்ல?"

"ம்."

"புழு இருக்கறது தெரிஞ்சேதான் இதைக் கேட்டிருக்கா." மூக்கை உறிஞ்சினாள். "இதையே போர்த்திடலாம் மாமா."

அவன் தான் போட்டிருந்த ஸ்வெட்டரின் கையைச் சால்வை விளிம்போடு ஒட்டிப் பிடித்தான். வாசலில் ஹாரன் அடித்தது. அசையவில்லை. கூட்டிலிருந்து பழுப்புத் தலை நீண்டது. முன்கால்கள் காற்றைத் துழாவி, அவன் கம்பளியைப் பற்றி, வீட்டை ஒரு இழுப்பு இழுத்தன. பிறகு இன்னொன்று.

சால்வையைக் கொழுந்தியாளிடம் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டரை மெல்லக் கழற்றி நாற்காலியில் வைத்தான்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெறும் சட்டையோடு வண்டியில் ஏறினான்.