சர்வரம்மாவின் ஹிஸ்டரி கோப்பு

அந்த வரைபட அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருடைய கோப்புகளும் கிடக்கிற சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவள், அதனால் சர்வரம்மா. பதினோரு வருஷமாக அந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தாய், தகப்பன், வைத்தியர் எல்லாம் அவள்தான். அது மக்கர் பண்ணினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது சாப்பாடு இறங்காததற்குக் காரணம் சர்வர் இல்லை, தங்கை புருஷன். அதே அலுவலகத்தில் கடற்கரை வரைபடம் போடுகிறவன். போன வருஷம் அவளே சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்ட ஆள். போன புதன்கிழமை அவன் வரைந்த கோப்புகளில் கடைசி ஒரு மாதத்தவை தவிர மற்றவையெல்லாம் காணாமல் போயின. வரைபடம் கேட்டிருந்த வாடிக்கையாளர் கம்பெனியிடம் நகல் இருந்ததால் இரண்டே நாளில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அழித்தது யார் என்ற கேள்வி மட்டும் அங்கேயே நின்றது. அந்த இடத்தில் கைவைக்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒன்று அவன், இன்னொன்று சர்வரம்மா. சர்வரம்மாவை யார் சந்தேகப்படுவார்கள்? அவளே படவில்லை.

"அவரோட கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரத்தோட சொல்லுங்க. இல்லேன்னா நான் புதுப்பிக்கப் போறதில்ல," என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஆதாரம் இருக்க வேண்டிய இடம் ஹிஸ்டரி கோப்பு. டெர்மினல் ஜன்னலில் ஒருவர் என்ன கட்டளை அடித்தாலும், அதை வாங்கிச் செய்கிற ஷெல் என்ற நிரல் அதைச் சத்தமில்லாமல் அவரவர் கணக்கில் ஒரு கோப்பில் குறித்துவைக்கும். ஆனால் வாங்கியபடியே விட்டுவைத்தால் அது அரைகுறைக் கணக்குப்பிள்ளை. கடைசி ஐந்நூறு வரிதான் வைத்திருக்கும். எத்தனை மணிக்கு அடித்தது என்று சொல்லாது. இரண்டு ஜன்னல் திறந்திருந்தால், கடைசியாக மூடுகிற ஜன்னல் மற்றது எழுதியதை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவைக்கும். தங்கை புருஷனோ எப்போதும் நாலு ஜன்னல் திறந்துவைத்திருக்கும் பேர்வழி. புதன்கிழமை அவன் என்ன செய்தான் என்பதற்கு அந்தக் கோப்பில் உருப்படியாக ஒன்றும் இல்லை. இந்தக் குறையெல்லாம் அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்று பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டும் இருந்தாள்.

தங்கை குடியிருப்பது இவள் வீட்டு மாடியில். அன்றைக்குச் சாயங்காலம் படியில் நின்றபடி, "அவர்தான் அழிச்சிருப்பாருன்னு நீயும் நினைக்கிறியாக்கா?" என்று கேட்டாள்.

'சேச்சே' என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். இவள் ஒரு மூச்சு யோசித்துவிட்டு, "அவசரத்துல கை தவறியிருக்கலாம்ல," என்றாள். தங்கை மேலே ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் செருப்புச் சத்தம் இவள் வாசலைத் தாண்டும்போது ஒரு நாளும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை சர்வரம்மா வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யார் உள்ளே நுழைந்தாலும் ஷெல் முதலில் படிக்கிற பொதுக் கோப்பைத் திறந்து எல்லாருக்குமாக எழுதினாள். இனி ஹிஸ்டரி பத்தாயிரம் வரி வைத்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் தேதியும் நேரமும் விழும். பழையதை அழிக்காமல் கீழே சேர்த்துக்கொண்டே போகும், அதுவும் கட்டளை முடிந்த கையோடு.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி தட்டினால் அது ஹிஸ்டரியில் ஏறாது. கடவுச்சொல் உள்ள வரிகள் அங்கே கிடக்க வேண்டாம் என்று அவள்தான் எப்போதோ அப்படி அமைத்திருந்தாள். மற்றவர்கள் அதை மறந்தே போனார்கள். அவளுக்குத்தான் எதை அடித்தாலும் கட்டைவிரல் முதலில் இடைவெளியைத் தட்டும். "யாருக்கும் சலுகை வேணாம்," என்று மேலாளர் சொன்னதால் அந்த வரியையும் தூக்கினாள். இனி அடிப்பதெல்லாம் பதிவாகும் என்று கதவில் அறிவிப்பு ஒட்டியதும், அலுவலகமே பரீட்சை எழுத வந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாருடையதையும் எடுத்துப் படித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலாளர் ஒரே கட்டளையை ஒரே பிழையோடு ஒன்பது முறை அடித்திருந்தார். பத்தாவது முறை சர்வருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்திருந்தார். தங்கை புருஷனுடையதில் திற, சேமி, மூடு, அவ்வளவுதான். நாலு நாளில் ஓர் அழிப்புகூட இல்லை.

கடைசியாகத் தன்னுடையதைத் திறந்தாள். புதன், பகல் ஒன்று பத்து. சாப்பிடப் போகுமுன் வாராவாரம் அவள் அடிக்கிற நீளமான கட்டளை. 'பழசு' என்ற கோப்புறையில் முப்பது நாளுக்கு மேற்பட்டதை அழி என்பது அதன் பொருள். அந்த இடைவெளிப் பழக்கத்தால் இதுவரை ஹிஸ்டரியில் ஏறாததால் பழைய வரியைத் திரும்ப வரவழைக்க வழியில்லை. ஒவ்வொரு வாரமும் மனப்பாடமாகவே அடிப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திரையில் இருந்த வரியில் 'பழசு' இல்லை. தங்கை புருஷனின் படங்கள் இருக்கும் 'கடற்கரை' என்றதோடு நின்றிருந்தது.

'பழசு' கோப்புறையை அவள் 'கடற்கரை'க்குள் இடம் மாற்றியது போன வாரம்தான். புதுப் பாதையை விரல்கள் அரைகுறையாகக் கற்றுக்கொண்டுவிட்டன. இந்த வாரமும் அதே வேலையைச் செய்திருக்கிறாள். நகலிலிருந்து திரும்பப் போட்டபோது எல்லாக் கோப்புகளுக்கும் புதுத் தேதி விழுந்திருந்ததால் இந்த முறை அவை பிழைத்தன. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வரியை அச்செடுத்துக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். நான்தான்."

"தங்கச்சி வீட்டுக்காரரைக் காப்பாத்தப் பாக்குறீங்களா?"

அவள் தாளை நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். "மெமோ ஒண்ணு குடுப்பேன்."

"குடுங்க சார்."

கான்ட்ராக்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டவர், குரலைத் தாழ்த்தி, "என்னோடதையும் படிச்சீங்களா?" என்றார்.

"படிச்சேன் சார்."

"அந்தப் பெரிய எழுத்து..."

"அதுவும் இருக்கு சார்."

தங்கை புருஷன் மேஜையில் அந்தக் காகிதத்தை வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்க்கா."

"எப்படி?"

"முப்பது நாளுக்கு மேல ஆனது மட்டும்தானே போச்சு? அப்படி நாள் பாத்து அழிக்க எனக்கு எங்க தெரியும்? இங்க அது ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"அட பாவி! அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்திருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருப்பேன் என்று சொல்லத்தான் வந்தாள். வாய் வரவில்லை. "மாட்டேன் தம்பி," என்றாள்.

"அதான்," என்று சிரித்துவிட்டு அவன் கடற்கரைக்குத் திரும்பினான்.

சாயங்காலம் மாடிப்படி ஏறிப் போய்த் தங்கையிடம் ஒன்று விடாமல் ஒப்புவித்தாள். தங்கை இடுப்பில் கைவைத்துக் கேட்டுவிட்டு ஆரம்பித்தாள். ஒரு வாரமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்து, சின்ன வயசில் உடைத்த ஸ்லேட்டிலிருந்து இழுத்து, மூச்சுவிடாமல் திட்டினாள். சர்வரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல், அத்தனையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.