நன்றியில் மட்டும் வருகிறவர்

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தார். "இந்த மனுஷன் இத்தனை வருஷமா என்னதான் பண்றாரு?"

எதிரே நின்ற லைப்ரரி மேடம் அந்த வரியை எட்டிப் பார்த்தாள். அந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் யார் எத்தனை கட்டுரை எழுதினார்கள், அவற்றை வெளியே யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அலசி அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு அவளுடையது. ஒருத்தருக்கு ஒன்று கூடிவிடக் கூடாது, குறைந்துவிடவும் கூடாது என்று கண் பூத்துப்போக உட்கார்ந்து செய்திருந்தாள். முதலிடம் இயக்குநருக்கு. கிடைக்காமல் என்ன செய்யும்? எந்தப் பிரிவில் எவர் எழுதினாலும் அவர் பெயரையும் ஒட்டாமல் கட்டுரை வாசலைத் தாண்டாது. கடைசி இடம் வலிப்பு டாக்டருக்கு. அவர் பெயருக்கு நேரே சுத்தமாகப் பூஜ்யம்.

"பேஷண்ட் பாக்கறாரு சார்," என்றாள்.

"அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கும்மா. இது ஆராய்ச்சி நிலையம்."

மூளைப் பிரிவுக்காரர்கள் வலிப்பைப் பற்றி எழுதித் தள்ளிய கட்டுரைகள் அத்தனையிலும் நோயாளிகள் அந்த டாக்டருடையவர்கள். வருஷக்கணக்காகக் குறித்து வைத்த விவரமும் அவருடையதே. கட்டுரையின் வாலில் மட்டும், பொடி எழுத்தில், அவருக்கு ஒரு நன்றி. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதைதான், வேறென்ன? அவள் நன்றிகளையும் எண்ணித் தனியாக ஒரு பக்கம் தயாரித்திருந்தாள். அதில் அவருக்குப் பக்கத்தில் வர ஆள் இல்லை. அந்தப் பக்கத்தை மெல்ல நகர்த்தினாள்.

இயக்குநர் படித்துவிட்டுச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நன்றியை எல்லாம் எண்ண ஆரம்பிச்சா, டீ கொண்டு வர்றவர்தான் இங்க பெரிய விஞ்ஞானி. இதை எடுத்துடுங்க. மத்தபடி பிரமாதம்."

அந்தப் பக்கம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்வதாகத்தான் காலையில் குளிக்கும்போதுகூட ஒத்திகை பார்த்திருந்தாள். வாயிலிருந்து வந்தது "சரி சார்". அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் இன்னும் அவர் மேசையில்தான் கிடந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, பாழாய்ப்போன வயிறு.

அவளுக்கு அது யாரோ ஒரு டாக்டரின் பிழைப்பாக மட்டும் இருந்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். அவளுடைய ஒரே தம்பியும் அவரிடம்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது வலிப்பு வந்தது, எங்கே விழுந்தான் என்பதையெல்லாம் அவரிடம் மட்டும்தான் சொல்வான். அக்காவிடம் மூச்சு விடமாட்டான். சொன்னால் அழுவாள், வேலைக்குப் போக விடமாட்டாள் என்ற பயம். கூடப்பிறந்தவளிடம் சொல்லாததை ஊரான் ஒருத்தரிடம் கொட்டுகிறானே என்று அவளுக்கு டாக்டர் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அறிக்கை எழுதத் தொடங்கியபோதே அவரைப் போய்ப் பார்த்திருந்தாள். "ஒண்ணே ஒண்ணாவது எழுதக் கூடாதா சார்? நான் உக்காந்து திருத்தித் தர்றேன்."

"எழுதலாம்தான். ஒரு நாளைக்கு யாரும் வராம இருக்கட்டும், எழுதிடறேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த அறிக்கையைக் காட்டியே அடுத்த மாதம் வலிப்புப் பிரிவை மூடினார்கள். டாக்டரை எங்கோ தொலைவில் ஒரு கிளைக்குத் தூக்கியடித்தார்கள். போகிற அன்று நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "உங்க ரிப்போர்ட் படிச்சேன். ஒரு தப்புகூட இல்ல," என்றார். குத்திக்காட்டினாரா, மனதாரச் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரெண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். தம்பியிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். எப்படி மூடினார்கள் என்று கேட்பானே. வேலை நிரந்தரமானது. டாக்டர் காலி செய்த அறையையும் அவளுக்கே கொடுத்து, கட்டுரைகளை அலச ஒரு தனிப் பிரிவு என்று பலகையும் மாட்டினார்கள். நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சு மட்டும் வெளியே அப்படியே கிடந்தது. சேதி தெரியாதவர்கள் வந்து உட்கார்வதும் நிற்கவில்லை. அவள்தான் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும். பாதி நாள் எழுந்திருக்க மாட்டாள்.

ஒரு காலையில் தம்பி தட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீ என்னக்கா இங்க? டாக்டர் எங்க?"

"மாத்திட்டாங்கடா. இப்ப இது என் ரூமு."

பழக்கதோஷத்தில் அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"என்னடா, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

வார்த்தை குழறி வந்தது. கடைவாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. நாக்கைக் கடித்திருக்கிறான். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். "வர்றேன்க்கா," என்று கதவை இழுத்துச் சாத்தினான்.

அவள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவன் போகவில்லை. பெஞ்சில் டாக்டருக்காகக் காத்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்க, அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான்.